பதினாலு எட்டு

மெத்தை அறையின் சாவி
இணைச் செயலாளர் புட்டசாமியிடம்.
புட்டசாமி தாவணகெரேயில்,
மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில்.
வாட்ச்மேன் கையை விரித்தார்:
நாளெ பன்னி.

மர்ஃபி டவுனில் பிறந்தவள் நான்.
நாளைக்கு வாங்க என்பதுதான் அது என்று
பால்பல் விழும் முன்பே தெரியும்.
இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட
அந்தச் சொல்லுக்குள் பன்றி ஓடியதில்லை.
இந்தப் பிப்ரவரியில், ஒன்பதாவது நாளெயில்,
ஓடியது.
குட்டிகளோடு.

கோலூன்றித் தாண்டுகிறவளுக்கு
ஓட ஒரு பாதை வேண்டும். அதன்மேல்
ஐ.டி. கம்பெனியின் குடும்ப தின ஷாமியானா.
ஊன்ற ஒரு பெட்டி வேண்டும். அதில்
போன மழையின் தண்ணீர், ஒரு சிப்ஸ் உறை.
விழ வேண்டிய மெத்தை
உள்ளே இருக்கிறது என்கிறார்கள்,
திரை போட்ட மூலவர் மாதிரி.

சங்கத்தில் கட்டணம் மட்டும்
ஒழுங்காகத் தாண்டுகிறது.
போன வருஷம் எண்ணூறு,
இந்த வருஷம் இரண்டாயிரத்து நானூறு,
குறுக்குக்கம்பியை உரசாமல்.
ரசீதில் ‘மைதானப் பராமரிப்பு’ என்று
தலைகீழாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

என் கோல் நாலு மீட்டர்.
பார்த்ததும் ஆட்டோக்காரர்கள்
தங்கள் மீட்டரை மறந்துவிடுவார்கள்.
மெட்ரோவில் ஆயுதமா என்று கேட்டார்கள்.
அதனால் நடக்கிறேன், காலை ஐந்து மணிக்கு,
அல்சூர் ஏரிக்கரையோரம்,
ஓடத்தைத் தொலைத்துவிட்டுக்
கழியை மட்டும் சுமக்கிறவள் மாதிரி.
முதல் வாரம் நாய்கள் குரைத்தன.
இப்போது கொஞ்ச தூரம் கூட வருகின்றன.

பூட்டிய கேட்டின் முன்னால் தார்ச்சாலையில்
செங்கல்லால் கோடு கிழித்து
பதினாலு எட்டு ஓடுகிறேன்.
பதினாலாவதில், ஊன்ற வேண்டிய இடத்தில்,
ஊன்றாமல் நிற்கிறேன்.
இப்படி நிற்பதற்கு யாரும் பயிற்சி தருவதில்லை.
தொடைக்கும் அது புரியவில்லை,
இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
பால் வண்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார்:
‘என்னம்மா, எதையாவது மறந்துட்டியா?’

மாநிலப் போட்டிக்குப் பதினேழு நாள் இருக்கையில்
சங்கத்தின் ஆண்டு விழா.
சிறந்த வீராங்கனை என்று கூப்பிட்டு
ஏலக்காய் மாலை போட்டு
மேடை சோபாவில் உட்கார வைத்தார்கள்.
புது சோபா. மெரூன் வெல்வெட்.
ஒரு மூச்சளவு புதைந்தேன்,
பிறகு மெல்ல மேலே தள்ளியது.
இந்தத் தள்ளல் எனக்குத் தெரியும்.
பதினோரு வருஷம் முதுகால் படித்தது.
தையல் விட்ட ஓரத்தில் விரலை நுழைத்தேன்.
நீல ரெக்ஸின் துண்டு.
அதில் பால்பாயிண்ட் பேனாவில் 2.85,
நானே எழுதியது,
முதன்முதலாக அந்த உயரம் தாண்டிய அன்று.

புட்டசாமி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்,
விளையாட்டுக்காகச் சங்கம்
எதையும் தியாகம் செய்யும் என்று.
வரிசையாக ஆறு சோபா.
ஆறிலும் சௌகரியமாக விழுந்து கிடந்தார்கள்.
ஒருத்தர்கூட ஓடி வந்து விழுந்தவர் இல்லை.

நானும் கைதட்டினேன்.
அதைத்தான் இன்னும் என்னால்...
சரி, விடு.

மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இரண்டு பிரதி.
கோல், மாடிப்படி ஜன்னல் வழியே
பாதி வீட்டிலும் பாதி தெருவிலுமாக நீட்டிக்கொண்டிருக்கிறது.
எதிர்வீட்டு மெர்சலின் அக்கா
துணி காயப்போடட்டுமா என்று கேட்டாள்.
போட்டி முடியட்டும் என்றேன்.
எப்ப என்றாள்.
தேதி நன்றாகவே தெரியும் எனக்கு.
ஆனால் நாக்கு நுனிக்கு வந்து நின்றது
வாட்ச்மேனின் அந்த இரண்டு சொல்.
ஈரத்துணியோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள்.